வேலூர்க் கோட்டை வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் உரிமமும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர்க் கோட்டைக்கு வருவோரை அழைத்துச் சென்று, நடந்தபடியே வரலாறு சொல்லும் தனியார் வழிகாட்டிகள் சிலரை இப்போது கோட்டை வாசலில் பார்க்க முடிகிறது. இது வரவேற்கத்தக்க தொழில். ஆனால் அவர்கள் என்ன சொல்கிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கேட்பார் இல்லை.

அண்மையில் ஒரு நாள் காலை, மருத்துவமனைக் கோப்புடன் வந்திருந்த வங்காளக் குடும்பம் ஒன்றிடம், திப்பு சுல்தானையே இந்தக் கோட்டையில்தான் சிறை வைத்திருந்தார்கள் என்று ஒரு வழிகாட்டி அடித்துச் சொன்னதைக் கேட்டு மனம் நொந்தேன். திப்பு 1799-இல் சீரங்கப்பட்டணத்தில் போரிட்டு மாண்டவர்; இங்கே காவலில் வைக்கப்பட்டவர்கள் அவருடைய மகன்களும் குடும்பத்தாரும். 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, கோட்டையைக் கைப்பற்றி, மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சேர்த்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற கட்டளைகள் மூட்டிய தீ அது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றைக்கே அதை அடக்கிய பிறகு, திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே தர்மதலாவில் இன்றும் நிற்கும் திப்பு சுல்தான் பள்ளிவாசல், அவருடைய இளைய மகன் குலாம் முகமது 1842-இல் கட்டியது. இந்த ஒரு செய்தியை அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தால், தங்கள் ஊருக்கும் இந்த மதில்களுக்கும் உள்ள உறவு அவர்களுக்குப் புரிந்திருக்கும். சொல்ல ஆளில்லாமல் போனது நம் ஊருக்குத்தான் இழுக்கு.

கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் இதே நிலைதான். கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் கைபேசியில் படமெடுக்கச் சொல்லிவிட்டு வழிகாட்டி நகர்ந்துவிடுகிறார். அண்ணாந்து பார்த்தால் விதானத்தின் நடுவே தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளை அவர் காட்டுவதில்லை. நெடுங்காலம் வழிபாடு நின்றுபோன இக்கோயிலுக்கு, எங்கள் சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981-இல் மீண்டும் வந்து சேர்ந்ததையும் சொல்வதில்லை. மாறாக, விரிஞ்சிபுரம் வரை போகும் சுரங்கப்பாதைக் கதை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. கதையைக் கதை என்று சொல்லிச் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை.

சிகிச்சைக்காக இங்கு வந்து, பரிசோதனை முடிவுக்காகவும் அடுத்த சந்திப்புக்காகவும் விடுதிகளில் நாள் கணக்கில் காத்திருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் இலங்கைத் தமிழருக்கும், வெயில் ஏறுமுன் நடந்து முடிக்கக்கூடிய இரண்டு மணி நேரச் சுற்று பெரிய ஆறுதலாக இருக்கும். மக்கான் சந்திப்பில் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணில் தொடங்கி, அகழியைக் கடந்து, கோயில், 1846-இல் எழுந்த புனித யோவான் தேவாலயம், பள்ளிவாசல், அருங்காட்சியகம் என்று வரிசையாகப் பார்க்கலாம். நேரமிருப்பவர்கள் ஆட்டோவில், கண்டி மன்னரின் நினைவிடமான பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கும் போகலாம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாடிழந்து இந்த ஊரில் காவலில் இருந்து, 1832-இல் இங்கேயே இறந்தவர் என்பது இலங்கையிலிருந்து வருவோர் பலரும் அறியாத செய்தி.

ஆகவே சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் இணைந்து, இப்போது இத்தொழிலில் இருப்பவர்களை விரட்டாமல், அவர்களுக்கும் உள்ளூர்க் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும் முறையான பயிற்சி அளித்து, தேர்வு வைத்து, உரிமமும் அடையாள அட்டையும் வழங்க வேண்டுகிறேன். கட்டண விவரத்தைத் தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளில் எழுதிய பலகை ஒன்றைக் கோட்டை வாசலிலேயே வைக்க வேண்டும். வங்காளம் பேசத் தெரிந்த விடுதிப் பணியாளர்களும் கடைக்காரர்களும் இவ்வூரில் பலர் இருப்பதால், விருப்பமுள்ளவர்களை அவர்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். வரும் ஜூலை 10-க்குள் முதல் அணியையாவது தயார் செய்ய மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.