ரஃபேல் தீட்டாத ஓவியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பிரெஞ்சு ஓவியர் மானே பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1863-இல் அவர் காட்சிக்கு வைத்த 'புல்வெளியில் பகலுணவு' ஓவியத்தில் மூவர் அமர்ந்திருக்கும் விதம் 'பாரிஸின் தீர்ப்பு' (கிரேக்கப் புராணத்தில், மூன்று தேவியரில் பேரழகி யாரென்று டிராய் இளவரசன் பாரிஸ் சொன்ன தீர்ப்பு) என்ற அச்சுச் சித்திரத்திலிருந்து வந்தது என்று கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தச் சித்திரத்தின் கீழே 'ரஃபேல் ஓவியத்தின் அச்சு நகல்' என்று மட்டும் குறித்திருந்தது எனக்கு வருத்தமளித்தது.

அப்படியோர் ஓவியத்தை இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டவே இல்லை. ஏறத்தாழ 1510-க்கும் 1520-க்கும் இடையில் அவர் ரோமில் வரைந்து கொடுத்த மாதிரியைக் கொண்டு, செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்கியவர் இத்தாலிய அச்சுச் செதுக்கு கலைஞர் மார்க்கன்டோனியோ ரைமோண்டி. அந்த மாதிரி வரைபடம் இன்று கிடைக்கவில்லை. நம்மிடம் எஞ்சியிருப்பது ரைமோண்டியின் அச்சு மட்டுமே. கருத்து உர்பினோ ஊர்க்காரரான ரஃபேலுடையது என்ற குறிப்பும், ரைமோண்டியின் முத்திரை எழுத்துகளும் அந்தத் தகட்டிலேயே தனித்தனியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருவருக்கும் உரியதைப் பிரித்துச் சொன்ன அந்த நேர்மையை நாம் இன்று கைவிடலாமா?

சித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டுகிறேன். பாரிஸ் அழகுத் தேவி வீனஸுக்குப் பொன் ஆப்பிளை நீட்டுகிறான். போட்டியில் தோற்றுப்போன தேவி மினர்வா நமக்கு முதுகைக் காட்டி நின்று தன் ஆடையை எடுக்கிறாள். மேலே வானில் சூரியதேவனின் தேர் விரைகிறது. வலப்புற மூலையில் இரண்டு நதித் தேவர்களுடன் அமர்ந்திருக்கும் நீரணங்கு மட்டும் கதையை மறந்தவளைப்போல நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறாள். மானேயின் பெண்ணும் அப்படித்தான் நம்மைப் பார்க்கிறாள். இந்த உருவ அமைப்புக்கு முன்மாதிரி ரோமானியக் கல் சவப்பெட்டிகளின் புடைப்புச் சிற்பங்கள். கல்லில் உறைந்து ஓரிடத்தில் கிடந்த புராணத்தை, கையில் எடுத்துச் செல்லக்கூடிய தாளாக்கியது ரைமோண்டியின் உளிதான். மயோலிகா எனப்படும், வண்ணம் தீட்டி மெருகேற்றிய இத்தாலிய மண்தட்டுகளில் இக்காட்சியைத் தீட்டியவர்களுக்கும் வழிகாட்டியது அவருடைய அச்சே.

ஆகவே, அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, 'மாதிரி: ரஃபேல், செதுக்கியவர்: மார்க்கன்டோனியோ ரைமோண்டி' என்று வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்