கேஷ் என்பது நம் காசுதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் சரி, அவற்றை யாரும் மறுக்கப் போவதில்லை. கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-இல் வந்த தன் பயண நூலிலேயே பெயர் சொல்லி எழுதிவிட்டார். ஆனால் அதே மூச்சில் ‘காசுதான் கேஷ் ஆனது’ என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார், அதுவும் பட்டியலில் முதல் சொல்லாக, ஆதாரம் என்று ஒரு வரிகூட இல்லாமல். நான் வங்கியில் கேஷ் கவுண்டரிலேயே பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன். தலைக்கு மேல் ‘காசாளர்’ என்று பலகை தொங்கும், அதைப் பார்த்துவிட்டு ‘கேஷியரும் நம்ம சொல்தானே சார்’ என்று கேட்காத வாடிக்கையாளர்கள் குறைவு. வரிசை நீளமாக இருக்கும்போது சொற்பிறப்பியல் பேச முடியாது, தலையாட்டி அனுப்பிவிடுவேன். இப்போது நேரம் இருக்கிறது.

கேஷ் என்ற சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுவது 1590-களில். அப்போது அதற்குப் பணம் என்பதோடு பணம் வைக்கிற பெட்டி என்ற பொருளும் இருந்தது. ஜான் ஃப்ளோரியோ 1598-இல் வெளியிட்ட இத்தாலிய - ஆங்கில அகராதியில் ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு வணிகருடைய கேஷ் என்று பொருள் போட்டிருக்கிறார், அவர் சொல்வது பெட்டியைத்தான். இத்தாலிய காஸ்ஸா, பிரெஞ்சு கெஸ் இரண்டுக்கும் தாய் லத்தீனில் உள்ள ‘காப்ஸா’. ரோமானியர்கள் சுருள் ஏடுகளைப் போட்டு வைத்த உருளைப் பெட்டிக்கு அதுதான் பெயர். குட்டி காப்ஸாதான் காப்ஸ்யூல், நாம் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறோமே அதே மாத்திரை. மூக்குக்கண்ணாடி வைக்கிற கேஸ், ஒரு காலத்தில் பாட்டுப் பதிந்து கேட்ட கேசட், எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். ஜெர்மனியில் இன்றைக்கும் கடையில் பணம் கட்டுகிற இடம் காஸ்ஸெ, ரஷ்யாவில் டிக்கெட் வாங்குகிற ஜன்னல் காஸ்ஸா. இத்தனை மொழிகளில் இத்தனை உறவினர்கள், அத்தனை பேருக்கும் பெட்டி என்பதுதான் குலப்பொருள். ஆங்கிலத்தில் மட்டும் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்தின் மேல் ஏறிக்கொண்டது, 18-ஆம் நூற்றாண்டு வாக்கில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்தும் போனது. இது நமக்குப் புதிதா என்ன? கல்லா என்பதும் பெட்டிதான், ஆனால் படம் நன்றாகக் கல்லா கட்டுகிறது என்றுதானே சொல்கிறோம்.

உடனே, காசு எவ்வளவு பழைய சொல் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிற திருவீழிமிழலையில் 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடியிருக்கிறார். பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு உணவிட அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு காசு படியாக வைத்தாராம். சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றப் போனால் மட்டும் கடைக்காரர் வாசி, அதாவது மாற்றுவதற்கான கழிவு பிடித்தாராம். ஆண்டவன் கொடுத்த காசையே உரசிப் பார்த்திருக்கிறார்கள், எங்கள் தொழிலுக்கு அதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரிந்து இல்லை! அப்புறம் ராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் காசு. எல்லாம் உண்மை. ஆனால் நம் சொல் பழையது என்பதால் அவர்கள் சொல் அதிலிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. பெட்டி என்ற பொருள் காசுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஆங்கிலக் கேஷுக்கோ அது தொடக்கத்திலேயே இருந்தது. போதாததற்கு, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31-இல், அவர்கள் சென்னையில் கால் ஊன்றியது 1639-இல். கேஷ் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் எழுத்தேறிவிட்டது.

சரி, அப்படியானால் காசு கடல் தாண்டவே இல்லையா? தாண்டியது, அதைத்தான் கட்டுரையாளர் கோட்டைவிட்டுவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் கேஷ் என்ற பெயர்ச்சொல் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக இருக்கிறது. ஒன்று மேலே சொன்ன பெட்டிப் பணம். மற்றது கிழக்கு நாடுகளில் புழங்கிய சிறு நாணயம், அது நம் காசு. போர்ச்சுகீசியர் இங்கே வந்து காசு என்று கேட்டதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப ‘கைஷா’ ஆக்கினார்கள், அவர்கள் மொழியில் கைஷா என்றால் ஏற்கெனவே பெட்டி! அது ஆங்கிலத்துக்குப் போனபோது அங்கே தயாராக இருந்த கேஷின் உருவத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரிவதற்கு இதுதான் காரணம். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த, ஆங்கிலத்தில் புழங்கிய இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே தமிழ்க் காசைச் சொல்லியிருக்கிறார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், காசைக் காதால் கேட்டிருப்பார்.

போர்ச்சுகீசியரோடு கிளம்பிய அந்தக் காசு மலாக்கா, ஜாவா, சீனா வரை போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசைக் கயிற்றில் கோத்து வைப்பார்களே, நாணயம் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இன்றும் அதைக் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை, பெயர் நம்முடையது. சென்னையிலும் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு பணம் (அந்தப் பெயரில் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற தங்கக்காசு. இதற்கான செப்புக்காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்துக் கப்பலேற்றினார்கள். அப்படி 1808-ஆம் ஆண்டு முத்திரையிட்ட 10 கேஷ், 20 கேஷ் காசுகளை டன் கணக்கில் சுமந்துவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் மூழ்காளர்கள் அவற்றை அள்ளி எடுத்தார்கள், இப்போது அந்தக் காசு இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது. ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ்’ என்ற பொருளில் ஒரு வாசகம், அடியில் ஆங்கிலத்தில் 20 கேஷ். பாரசீகத்தில் ‘காஸ்’ என்றே எழுதியிருப்பதைக் கவனியுங்கள், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று இந்தக் கணக்கு 1949 வரை ஓடியது.

இரண்டையும் பிரித்து அறிய ஒரு சுலபமான வழி உண்டு. நாணயக் கேஷை எண்ணலாம், பத்து கேஷ், இருபது கேஷ் என்று. ரொக்கம் என்ற கேஷை ஆங்கிலத்தில் அப்படி எண்ண முடியாது.

இதே கதைதான் முந்திரிக்கும். காசுக்கு எட்டு விற்றதால் கேஷ்யூ என்று பெயர் வந்ததாகக் கேரளப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரமே பிரேசிலிலிருந்து வந்தது, பெயரும் அங்கத்தைய துப்பி மொழியின் ‘அகாஜு’விலிருந்து போர்ச்சுகீசிய காஜு வழியாக வந்ததுதான்.

அடுத்த இதழில் பட்டியல் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அது முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது, எந்த மொழி வழியாகப் போனது என்ற இரண்டு தகவலையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். எட்டுதான் எய்ட், பேச்சுதான் ஸ்பீச் என்று கைபேசியில் சுற்றுகிற சரக்கு அந்தப் பட்டியலிலும் வந்தால் அச்சுக்குப் போகும் முன்பே அடித்துவிடுங்கள். எய்ட்டுக்கு உறவு ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஆக்டோ. ஸ்பீச்சின் பழைய வடிவத்தில் நடுவில் ஒரு ரகரம் இருந்தது, மொழி என்று பொருள்படும் ஜெர்மன் ஷ்ப்ராஹெயில் அது இன்னும் இருக்கிறது. பேச்சில் ரகரத்தை எங்கே போய்த் தேடுவது?

அன்புடன்,
ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்.