நெவ் ஷாப்பெல் ஆய்வுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

முதல் உலகப் போரில், 1915 மார்ச் 10 முதல் 13 வரை, வடபிரான்சில் ஜெர்மன் படைக்கு எதிராக நடந்த நெவ் ஷாப்பெல் சண்டையில் இந்தியப் படைகளின் பங்கைப் பற்றிய எங்கள் தமிழ் ஆய்வுநூல் அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் எழுதியவர்களின் பெயர்தான் இருக்கும். ஆனால் போர் வரலாறு நிற்பது நேரம், இடம், எண்ணிக்கை ஆகிய மூன்றின் மேல். அந்த மூன்றையும் வரிவரியாகச் சரிபார்த்துத் தந்தவர்கள் நீங்கள். யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக நன்றி சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் வணக்கம் வழிகாட்டிய பேராசிரியருக்கு. பல்கலைக்கழகத்தில் போர் வரலாற்றுக்கு ஒரு மரியாதையான இடம் கிடைத்ததில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹோவர்டுக்குப் பெரும் பங்குண்டு. 1922இல் பிறந்து, 1943இல் இத்தாலியின் சலெர்னோவில் போரிட்டு மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்று, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஆசிரியராகி, அங்கே போரியல் துறையை வளர்த்தவர் அவர். போர் வரலாற்றை அகலமாகவும், ஆழமாகவும், அதன் சமூக அரசியல் சூழலோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று 1961இல் ஆற்றிய உரையில் சொன்னார். எங்கள் பேராசிரியர் அந்த மூன்றையும் ஒரு அளவுகோலாக வைத்தே ஒவ்வொரு இயலையும் திருத்தினார். நான்கு நாள் சண்டையை எழுதுவதற்கு முன்னால், இந்தியச் சிப்பாய்கள் 1914 இலையுதிர்காலத்தில் ஏன் அவ்வளவு அவசரமாக பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டார்கள், அதிகாரிகளை இழந்த பட்டாலியன்களுக்கு மாற்று ஆள் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் எழுதவைத்தது அவர்தான். நூலின் முதல் மூன்று இயல்களும் அந்தக் கண்டிப்பின் பலன்.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைப் பணியாளர்களுக்கு அடுத்த நன்றி. பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகள் அங்கே டபிள்யூ.ஓ. 95 (டபிள்யூ.ஓ. என்றால் போர் அலுவலகம்) என்ற வரிசையில் இருக்கின்றன. இடம், தேதி, மணி, நடந்தவற்றின் சுருக்கம், குறிப்புகள் என்று பத்தி பிரித்த அச்சிட்ட படிவம் அது. பார்த்தால் அன்றன்றே எழுதியது போலத் தோன்றும். பெரிய சண்டை நடந்த நாட்களில் அப்படி இருக்காது. எழுத வேண்டிய அதிகாரி செத்திருப்பார், அல்லது மருத்துவமனையில் கிடப்பார். சில நாள் கழித்து வேறொருவர் நினைவிலிருந்து எழுதியிருப்பார். கையெழுத்து மாறுகிறதா, பென்சிலிலிருந்து மைக்கு மாறுகிறதா, பல நாள் குறிப்பு ஒரே மூச்சில் எழுதியதாகத் தெரிகிறதா என்று பார்க்கப் பழக்கியவர்கள் இந்தப் பணியாளர்கள்.

அவர்கள் காட்டிய இன்னொரு வழி அதைவிடப் பெரியது. பட்டாலியன் குறிப்போடு நின்றுவிடாமல், அதற்கு மேலுள்ள பெரிய படை அமைப்புகளான பிரிகேட், டிவிஷன் நாட்குறிப்புகளின் பின்னிணைப்புகளைத் திறந்து பாருங்கள் என்றார்கள். அங்கே சண்டையின்போது அனுப்பிய செய்திச் சீட்டுகளே ஒட்டியிருக்கின்றன. ஒரு செய்தியில் இரண்டு நேரம் இருக்கலாம்: அனுப்பிய நேரம் ஒன்று, கைக்குக் கிடைத்த நேரம் ஒன்று. களத்தில் என்ன நடந்தது என்பதற்கு முதல் நேரத்தை எடுக்க வேண்டும். தளபதிக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு இரண்டாவதை எடுக்க வேண்டும். நெவ் ஷாப்பெல்லில் குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்து, ஆள் வழியாகச் செய்தி போனது. இரண்டு நேரத்துக்கும் இடைவெளி மணிக்கணக்கில் நீண்டது. அதைக் கவனிக்காமல் எழுதினால், காலாவதியான செய்தியை நம்பி உத்தரவிட்ட தளபதி ஒன்று மடையனாகத் தெரிவார், இல்லையேல் கொடியவனாகத் தெரிவார்.

வரைபடப் பிரிவினருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பதுங்குகுழி வரைபடங்களின் கட்ட முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எடுத்துக்காட்டாக எம்.35.டி.4.7 என்ற குறியை எடுத்துக்கொள்வோம். எம் என்பது பெரிய கட்டம். 35 என்பது அதற்குள் 1,000 கெஜச் சதுரம். இந்த எண்கள் மேல் இடது மூலையிலிருந்து வரிசையாகப் போகும். அந்தச் சதுரத்தை நான்காகப் பிரித்தால் டி என்பது கீழ் வலப்பக்கத்து 500 கெஜச் சதுரம். கடைசி இரண்டு இலக்கங்களுக்கு மட்டும் தொடக்கம் கீழ் இடது மூலை: முதலில் கிழக்கே, பிறகு வடக்கே. ஒவ்வொரு இலக்கமும் 50 கெஜம். ஆக 200 கெஜம் கிழக்கே, 350 கெஜம் வடக்கே. சதுர எண்ணுக்கு மேலிருந்தும் கடைசி இலக்கங்களுக்குக் கீழிருந்தும் தொடங்குவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். 4, 7 இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் புள்ளி 200 கெஜத்துக்கு மேல் நகர்ந்துவிடும். எதிரெதிர்க் குழிகளுக்கு நடுவே இருந்த வெளி பல இடங்களில் அதைவிடக் குறுகலானது. நம் பட்டாலியனை எதிரியின் குழியில் உட்காரவைத்துவிடுவோம்.

பீரங்கிப் படையில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நூலின் மையமான இயலைத் தாங்கி நின்றார். காலை 7.30க்குக் குண்டுவீச்சு தொடங்கியது, 35 நிமிடம் நீடித்தது, 8.05க்குக் காலாட்படை கிளம்பியது. இதுவரை எல்லா நூலிலும் இருக்கிறது. "முள்வேலி அறுபடவில்லை" என்ற ஒரே வாக்கியம் வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் வருவதை அவர்தான் பிரித்துக் காட்டினார். வடக்கே, பிரிட்டிஷ் படையின் முன்னால் இருந்த இலக்குகள் இரண்டு ஹோவிட்சர் பேட்டரிகளுக்கு (குண்டை உயர வளைத்து எறியும் பீரங்கிகளின் குழுக்களுக்கு) ஒதுக்கப்பட்டிருந்தன. அவை களத்துக்கு வந்து சேர்ந்ததே மார்ச் 9ஆம் தேதி. மேடை அமைக்கவோ, சோதனைக் குண்டு போட்டுத் தூரத்தைச் சரிசெய்யவோ நேரமில்லை. தெற்கே கதை வேறு. இந்திய ரெஜிமென்டான 39ஆவது கார்வால் ரைபிள்ஸின் முதல் பட்டாலியன் வலப்பக்கம் விலகிப்போய், குண்டுவீச்சுக்கு ஒதுக்கப்படாத பகுதியில் முட்டிக்கொண்டது. அங்கே வேலி அறுபட வாய்ப்பே இல்லை. விளைவு ஒன்று, காரணம் இரண்டு. இதைக் கலந்து எழுதும்போது பீரங்கிப் படை மொத்தமாகத் தவறிழைத்தது போல ஆகிவிடுகிறது.

வேலியை அறுத்தது எப்படி என்பதையும் அவர் விளக்கினார். 18 பவுண்டர் பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டு சுமார் எட்டரை கிலோ எடை. உள்ளே ஏறத்தாழ 370 ஈய உருண்டைகள். நேரத் திரி வேலிக்குச் சற்று முன்னால், தாழ்வாக வெடிக்கும்படி அமைய வேண்டும். உயரத்தில் வெடித்தால் உருண்டைகள் சிதறிக் கம்பி தப்பிவிடும். தரையைத் தொட்டு வெடித்தால் மண்ணுக்குள் போய்விடும். ஜெர்மன் போர் வரலாற்றாசிரியர் ஹன்ஸ் டெல்புரூக்கின் கணக்கை நினைவூட்டியவரும் இவரே. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் 42 லட்சம் பேர் கொண்ட பாரசீகப் படை சாலையில் அணிவகுத்தால், முன்வரிசை கிரேக்கத்தின் தெர்மாப்பிலேயை எட்டும்போது கடைசி வரிசை பாரசீகத்தின் சூசாவிலிருந்து அப்போதுதான் கிளம்பும் என்று டெல்புரூக் காட்டினார். எந்த எண்ணைக் கண்டாலும் அதைச் சாலையில் நிறுத்திப் பார்க்கும் அந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றியது.

ஜெர்மன் ஆவணங்களைப் படித்துத் தந்தவருக்குத் தனி வணக்கம். குர்ரெண்ட் என்னும் பழைய கையெழுத்தில் e எழுத்தும் n எழுத்தும் ஏறக்குறைய ஒரே கோடாகத் தெரியும். u எழுத்தை அதன் தலைமேல் உள்ள வளைவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மன் பேரரசின் ஒரு பகுதியான பிரஷ்யாவின் படை ஆவணங்கள் 1945 ஏப்ரலில் பொட்ஸ்டாமில் குண்டுவீச்சில் பெரும்பாலும் எரிந்துபோயின. முதல் நாள் எதிரே நின்றது பிரஷ்யப் படை. ஆகவே அந்த நாளுக்கு அச்சில் வந்த ரெஜிமென்ட் வரலாறுகளே துணை. மார்ச் 12 எதிர்த்தாக்குதலில் ஜெர்மனியின் இன்னொரு பகுதியான பவேரியாவின் படைகளும் இறங்கின. அவற்றின் மூல ஆவணங்கள் மியூனிக்கில் தப்பியிருக்கின்றன. அதனால் முதல் நாளைவிட மூன்றாம் நாளின் ஜெர்மன் தரப்பு எங்கள் நூலில் நெருக்கமாகத் தெரியும். படிப்பவர்கள் காரணத்தை அறிந்து படிக்கட்டும். ஜெர்மன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியதால் அவர்களுடைய 9.05 பிரிட்டிஷ் தரப்புக்கு 8.05 என்று எல்லாப் பக்கத்திலும் திருத்திக் கொடுத்தவரும் இவரே. 1916ஐப் பற்றி எழுதுவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்: ஜெர்மனி ஏப்ரல் 30இலும் பிரான்ஸ் ஜூன் 14இலும் கோடைக்கால நேரத்துக்கு மாறியதால், இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் இரண்டு மணி.

சிப்பாய்களின் கடிதங்களுக்கு உதவிய பஞ்சாபி, உருது, கார்வாலி மொழி ஆசிரியர்களுக்கும் நன்றி. பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள்தான். சிப்பாய் சொல்ல, இன்னொருவர் எழுத, மூன்றாமவர் மொழிபெயர்த்தது. கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று எழுதினால் இந்தியச் சிப்பாய்கள் என்று பொருள், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரப் படை. தணிக்கையாளர்களுக்கும் அது புரிந்திருந்தது.

எண்ணிக்கை விஷயத்தில் உதவிய மாணவர்கள் மிகவும் அலுப்பான வேலையைச் செய்தார்கள். இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் எல்லோரையும் சேர்த்த மொத்தம் எத்தனையோ கட்டுரைகளில் இறந்தவர் தொகையாக வந்திருக்கிறது. இந்தச் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பின் மொத்த இழப்பு 11,000க்கு மேல். டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படை அமைப்பான இந்திய கோரின் பங்கு 4,000ஐத் தாண்டும். அந்த 4,000இலும் எல்லோரும் இந்தியர் அல்லர். பிரிகேடுகளில் பிரிட்டிஷ் பட்டாலியன்களும் இருந்தன. 1927 அக்டோபர் 7இல் திறக்கப்பட்ட நெவ் ஷாப்பெல் நினைவகத்திலுள்ள 4,700க்கும் மேற்பட்ட பெயர்களையும் இந்தச் சண்டையோடு மட்டும் கட்டக்கூடாது. மேற்குப் போர்முனையில் போர் முழுவதும் இறந்து, கல்லறை தெரியாத இந்தியர்களின் பெயர்கள் அவை. ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் படை எண், ரெஜிமென்ட், தந்தை பெயர், ஊர் நான்கையும் ஒப்பிட்டே ஒருவரை உறுதிசெய்தார்கள்.

நிலவறைப் பெட்டிகளில் இருந்த தாத்தாக்களின் சம்பளப் புத்தகங்களையும் படங்களையும் நம்பித் தந்த குடும்பங்களுக்கு, மெய்ப்புப் பார்த்தவருக்கு, ஒரே ஊர் மூன்று எழுத்துக்கோவையில் வந்ததைப் பிடித்து ஒன்றாக்கிப் பொருளடைவு செய்தவருக்கு, எங்கள் மனமார்ந்த நன்றி. படங்களின் மூலப் பிரதிகள் அந்தந்தக் குடும்பத்துக்கே திரும்பிவிட்டன. நூலில் ஒவ்வொன்றின் கீழும் யார் வீட்டுப் படம் என்று, அவர்கள் விரும்பியபடி, குறித்திருக்கிறோம்.

நன்றியுடன்,
நூலாக்கக் குழுவினர்