கியர் சைக்கிள் கேட்கும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் பாப்பா முதலாவதாக வந்த அன்று என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "கடன உடன வாங்கி ஒரு கியர் சைக்கிள் எடுத்துக் கொடுத்தா பெரிய லெவலுக்குப் போயிடுவாளா?" கூட்டத்தில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. டெல்டாவில் இதே கேள்வியோடு இன்னும் பல அப்பாக்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் பெயரைப் போடாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த வருடம் வாங்க வேண்டாம் அண்ணே. கடன் வாங்கி வேண்டவே வேண்டாம்.

அந்தப் போட்டியில் எல்லோருக்கும் சாதாரண சைக்கிள்தான், கியர் வைத்தது கூடாது. 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். பாப்பா ஜெயித்தது காலாலும் மூச்சாலும். அந்த இரண்டும் இன்னும் வளர வேண்டும், அதற்கு இப்போதைய சைக்கிளே போதும். ஆனால் சீட்டை உயர்த்துங்கள். அவள் மிதிக்கும்போது முட்டி வயிற்றுக்கு ஏறி வந்ததைப் பார்த்தேன். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்படியே விட்டால் நாளடைவில் முட்டிவலி வரக்கூடும்.

மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் போகும்போது ரேஸ் சைக்கிள் இல்லாமல் முடியாது, அது உண்மை. அப்போது அவள் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் அளவெடுத்து வாங்குவோம். கடையில் கையிருப்பில் இருக்கிறதே என்று எதையாவது எடுத்துவிடாதீர்கள்.

"நம்ம ஊர்ல மலையே இல்லையே, ஊட்டி பக்கம் இருக்கிற பிள்ளைங்களோட எப்படிப் போட்டி போடுவா" என்றும் கேட்டீர்கள். மலை இல்லைதான். ஆனால் நமக்குக் காற்று இருக்கிறது. சைக்கிள் வேகம் எடுக்க எடுக்க காற்றுதான் முதல் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் எட்டு மடங்கு பலம் வேண்டும். ஆடி மாதத்தில் திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணைக்கு மேற்கே மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சமதரையில் மூச்சு வாங்கும், இறக்கம் என்று ஒன்று வந்து ஓய்வு தராது, மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மணிக்கணக்கில் விடாமல் மிதிக்கும் பழக்கம் அந்த ரோட்டில் வரும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பும். அதனால் ஆடி, ஆவணியில் வாரம் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போகட்டும்.

ஏற்றத்துக்கும் வழி இருக்கிறது. தஞ்சாவூர் - திருவையாறு பழைய ரோட்டில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் ஏறும்போது சீட்டை விட்டு எழுந்து முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள், அடுத்த பாலம் வரை மெதுவாக. பிறகு ஒரு நாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அழைத்துப் போகலாம்.

இப்போது சாப்பாடு. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். வெறும் வயிற்றோடு போய்விட்டு, ஒரு டீயோடு பள்ளிக்கூடம் ஓடுகிறாள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் பையில் கடலை மிட்டாய். வந்ததும் பழைய சோறும் தயிரும், கூடவே முட்டையோ சுண்டலோ. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். வளரும் பெண் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாமல் ஓட்டினால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும்போகும், எலும்பு பலவீனமாகும். அண்ணியிடம் சொல்லுங்கள், அவர்கள் கவனித்துக்கொள்ளட்டும். அப்படி நடந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம், அவள் ஓட்டாத நாளில் "ஏன் சும்மா படுத்திருக்கே" என்று கேட்காதீர்கள். கடும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகம், ஒரு நாள் முழு ஓய்வு. உடம்பு பலம் ஏற்றிக்கொள்வது தூங்கும்போதுதான். பொதுத்தேர்வு நெருங்கும்போது இன்னும் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை 3 சதவீதம் இருக்கிறது என்பதை மனதில் வைத்திருப்பீர்கள். இருக்கட்டும். இந்த வயதில் அவளிடம் அதைப் பேச வேண்டாம்.

இரண்டு பெயர்களை அவளிடம் சொல்லுங்கள். ஒருவர் சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்ட். 2004 சுனாமி நம் நாகையை அடித்த அதே நாளில், நிக்கோபாரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைத்த சிறுமி. 2015-இல் 500 மீட்டர் டைம் ட்ரையல் (தனியாக நேரத்தோடு போட்டி போட்டு ஓட்டுவது) உலகத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு வந்தார். இன்னொருவர் அந்தமானிலிருந்து வந்த ஈசோ ஆல்பன். 2018 ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் (முன்னால் போகும் மோட்டார் வண்டி விலகியதும் முந்தி ஓட்டும் போட்டி) வெள்ளி வாங்கினார். இரண்டு பேருமே தீவுப் பிள்ளைகள்.

உங்களிடம் ஒரு விவசாயியாகவும் ஒன்று கேட்கிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள், களம் போதவில்லை, அதனால் ரோட்டில் காயவைக்கிறோம். எனக்கும் தெரியும். ஆனால் தை, மாசி இருட்டில் நெல்லைச் சுற்றி வைத்த கல் சைக்கிள்காரருக்குத் தெரியாது. நெல்லில் சக்கரம் வழுக்கினால் காறை எலும்புதான் முறியும். உங்கள் தெருவில் பாதி ரோட்டையாவது விட்டுவைக்கும்படி பேசிப் பாருங்கள். கல்லுக்குப் பதிலாக வைக்கோல் பிரி போட்டாலே போதும்.

தனியாக ஓட்டுவதும் போதாது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ரோடு ரேஸில் பாதி வித்தை அதுதான், கூட்டத்தோடு ஓட்டினால்தான் கைவரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் நாலைந்து பேர் பெரிய கோயில் முன்னாலிருந்து கிளம்புகிறோம். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்து அழைத்து வாருங்கள். முதல் சில வாரம் நீங்களும் பின்னால் டிவிஎஸ்ஸில் வாருங்கள் அண்ணே. பின்னால் வருகிற பஸ்காரருக்கு உங்கள் சிவப்பு விளக்கு தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி