ரிலே இருக்கிறது என்ற அறிக்கை போதாது

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்களுக்கும், ஐந்து மண்டல மின்குழுக்களுக்கும் வணக்கம்.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட மண்டல மின்கட்டமைப்பு விழுந்தது. மறுநாள் மதியம் ஒரு மணி வாக்கில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்களும் சேர்ந்து விழுந்தன. போன பளு, அதாவது அப்போது ஓடிக்கொண்டிருந்த மின்நுகர்வு, சுமார் 48,000 மெகாவாட். இந்தக் கதையைப் பலரும் பினா–குவாலியர் லைனோடு முடித்துவிடுவார்கள். 400 கிலோவோல்ட் லைனில் பளு ஏறியது, வோல்டேஜ் இறங்கியது, கோளாறைக் கண்டால் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவியான ரிலே, அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. சரி, அது ஆரம்பம்தான். என்னை அதிகம் உறுத்துவது விசாரணைக் குழு அறிக்கையில் இருக்கும் வேறொரு செய்தி. உற்பத்தியைவிடப் பளு மிஞ்சினால் கட்டமைப்பின் அதிர்வெண் இறங்கும். அப்படி இறங்கினால் பளுவைத் தானாக வெட்ட வட மண்டலத்தில் சுமார் 4,000 மெகாவாட்டுக்கு ஏற்பாடு இருந்தது. அதிர்வெண் மளமளவென்று சரிந்தால் வெட்ட இன்னொரு 6,000 மெகாவாட் இருந்தது. ஆக, கணக்கில் பத்தாயிரம் மெகாவாட். நேரம் வந்தபோது போதுமான பளு வெட்டப்படவில்லை.

தெற்கு அப்போது தப்பித்ததற்குக் காரணம் நம் சாமர்த்தியம் அல்ல. நாம் அந்தக் கட்டமைப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணையாமல் இருந்தோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் அதை மாற்றிவிட்டது. இப்போது ஏதோ ஒரு மாநிலத்தில் வெட்ட வேண்டிய ஃபீடர் (ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) வெட்டப்படாமல் போனால், அதன் பலனை எல்லா மாநிலமும் சேர்ந்தே அனுபவிக்கும்.

அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருப்பதை மறுக்க முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள மின்கட்டமைப்பு விதித்தொகுப்பு, சம்பவம் நடந்தால் 8 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கை வேண்டும் என்கிறது. 24 மணி நேரத்துக்குள் ரிலேயின் பதிவுகள் வர வேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் சொல்லியாக வேண்டும். அதிர்வெண் ரிலேக்கள் உண்மையில் எவ்வளவு பளுவை வெட்டின என்பதை மாநிலத்தின் மின் ஓட்டத்தைக் கண்காணித்து இயக்கும் லோட் டிஸ்பாட்ச் சென்டர்கள் தெரிவித்து, மாதாமாதம் வெளியிடவும் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது ரிலே வேலை செய்த மாதத்துக்கு மட்டுமே உதவும்.

அதிர்வெண்ணை 49.90 ஹெர்ட்ஸுக்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் வைத்திருக்கப் படாதபாடு படுகிறோம். அதில் பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறோம். அதனாலேயே, 49-ஐ நோக்கி விழும்போது வேலை செய்ய வேண்டிய ரிலேக்களுக்கு வேலையே வருவதில்லை. அந்த மாதங்களில் அறிக்கைக் கட்டத்தில் ‘இயக்கம் இல்லை’ என்று நிரப்பிவிடலாம். அது பொய்யல்ல. ஆனால் அந்த ரிலே உயிரோடு இருக்கிறதா, அதன் ‘துண்டி’ என்ற கட்டளை லைனை அறுக்கும் பிரேக்கர் வரை போய்ச் சேர்கிறதா, போன வருடம் ரிலே ஃபீடர்களின் பட்டியலில் எழுதிய பளு இன்னும் அந்த ஃபீடரில்தான் இருக்கிறதா என்று அந்த இரண்டு சொற்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புதிய சப்ஸ்டேஷன் வந்ததும் பாதி ஊரைப் பக்கத்து ஃபீடருக்கு மாற்றுவது அன்றாட வேலை. பட்டியலைத் திருத்துவது யாருடைய அன்றாட வேலையும் அல்ல.

இதில் சூரிய மின்சாரம் ஒரு புதுச் சிக்கல். மாலை உச்ச நேரத்தில் 5 மெகாவாட் இழுக்கும் ஒரு ஃபீடர், கூரைகளில் சூரியத் தகடுகள் நிறைந்த பகுதியில், நடுப்பகலில் 1 மெகாவாட்கூட இழுக்காமல் இருக்கலாம். சில ஃபீடர்கள் மின்சாரத்தை மேலே திருப்பி அனுப்பவும் செய்யும். அதை வெட்டினால் பளு குறையாது, உற்பத்திதான் குறையும். அதாவது, காப்பாற்ற வந்த ரிலே கூடவே சேர்ந்து தள்ளிவிடும். 2025 ஏப்ரல் 28 மதியம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது தானியங்கிப் பளுவெட்டு இயங்கத்தான் செய்தது. ஆனாலும் கட்டமைப்பு நிற்கவில்லை. அங்கே மூலக் கோளாறு வோல்டேஜ் ஏறியது, நம் 2012 கதை வேறு. இருந்தாலும், ஏற்பாடு இயங்குவதும் அது போதுமானதாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு அந்த மதியம் சாட்சி.

எனவே நான் கேட்பது புது விதி அல்ல, அந்த மாதப் படிவத்தில் சில கட்டங்கள். ரிலே பொருத்திய ஒவ்வொரு ஃபீடரிலும் அந்த மாதம் மணிவாரியாக ஓடிய பளு எவ்வளவு? அதிகாலை, நடுப்பகல், இரவு உச்சம் என ஒவ்வொரு நேரத்திலும், ரிலே இயங்கியிருந்தால் எத்தனை மெகாவாட் கிடைத்திருக்கும்? பிரேக்கர் வரை கடைசியாகச் சோதித்த தேதி என்ன? சுழற்சி மின்வெட்டுப் பட்டியலிலும் அதே ஃபீடர் இருக்கிறதா? ஏற்கெனவே அணைந்து கிடக்கும் ஃபீடரை அவசரத்துக்கு மறுபடி அணைக்க முடியாது. இதற்கான அளவீடுகளில் பெரும்பகுதி சப்ஸ்டேஷன்களிலேயே பதிவாகிறது. கூட்டி எழுதுவதுதான் பாக்கி. ஸ்கேன் செய்த பக்கங்களாக இல்லாமல், கணக்குப் போடக்கூடிய கோப்பாக வெளியிட்டால் வெளியில் இருப்பவர்களும் சரிபார்க்கலாம்.

இன்னொன்று, கடிகாரம். 400 கிலோவோல்ட்டில் ஒரு பழுதை 100 மில்லிசெகண்டுக்குள் அகற்ற வேண்டும். நம் மின்னோட்டத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு சப்ஸ்டேஷன் ரிலேக்களின் கடிகாரம் இரண்டு விநாடி முன்பின்னாக இருந்தால், எது முதலில் விழுந்தது, எது இழுத்துக்கொண்டு விழுந்தது என்று ஆய்வுக் கூட்டத்தில் வாதம் மட்டுமே செய்யலாம். பதிவு 24 மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் அதை ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று கணக்கில் சேர்க்க வேண்டாம். ஜி.பி.எஸ். நேரத்தோடு பொருந்தாத பதிவை, வராத பதிவாகவே கணக்கிடுங்கள்.

தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரச் சட்டம் 2003-இன் 142-ஆம் பிரிவில், விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு ஆறாயிரம் வரை. ஒரு விநியோக நிறுவனத்துக்கு அது டீச்செலவு. ஆனால் கையெழுத்துப் போடும் பொறியாளருக்கு விளக்கம் கேட்டு வரும் ஒரு மெமோ பெரிய விஷயம். பட்டியலில் 200 மெகாவாட், உண்மையில் 120 என்று தானாக முன்வந்து எழுதுபவருக்கு மெமோ வராது என்று ஓர் உத்தரவில் எழுத்தில் சொல்லுங்கள். திருத்திக்கொள்ளக் கால அவகாசம் கொடுங்கள், ஆறு மாதம் போதும். அதற்குப் பிறகும் காகிதத்து எண்ணையே அனுப்புகிறவர்களிடம் அபராதத்தை வசூலியுங்கள்.

இப்படிக்கு,
மின்பாதுகாப்பு ரிலே துறைப் பொறியாளர் ஒருவர்