பாலைவனத்திலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணா,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். குழந்தை அழுதாள், அப்பா பக்கத்தில் இருந்தார், பேச்சு எங்கோ போய்விட்டது. அதனால் அரிசோனாவில், கட்டிலும் அடுப்புமாக வீடு மாதிரியே ஓடுகிற எங்கள் ஆர்வி வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். "சொந்த வீட்டைப் பூட்டிட்டு மாசக்கணக்கா வண்டிக்குள்ள ஏம்மா கிடக்கணும், எங்ககூட வந்து இருக்க வேண்டியதுதானே?" என்றாய். மதுரையில் பெரியம்மா "பையன் வச்சுக்கலையா?" என்று கேட்டாளாம். அது உன்னைக் குத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: உன்மேலும் மருமகள்மேலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பெரியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நம் வீடு இருக்கிற மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸின் ஜனவரி உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது பள்ளிக்கூடத்துப் பையனின் ஜனவரி. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பனி பெய்தால்கூடப் பரவாயில்லை. உருகி, மறுபடி உறைந்து, நடைபாதையில் கண்ணாடி மாதிரி கிடக்குமே, அந்த ஐஸ்தான் பயம். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்போமா என்பதே சந்தேகம். அப்பா ரிட்டயர் ஆன முதல் குளிர்காலத்தில், வாசலில் தபால் எடுக்கப் போவதற்கே செருப்புக்கு அடியில் முள் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார். நாற்காலி, டிவி, ஜன்னல். சில நாட்கள் சாயங்காலம் வரை என்னிடம்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார். வேலை இருந்தவரை ஆபீஸ் அவரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதும் நவம்பர் முதல் மார்ச் வரை அந்த ஹால்தான் உலகம் என்றாகிவிட்டது.

உங்களோடு இருக்க பாஸ்டனுக்கு வந்தாலும் அதே பனிதான். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு நாங்கள் உன் ஹாலில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துச் செய்கிறோம் என்று நினைக்காதே. 1919லேயே ஃப்ளோரிடாவில் டாம்பாவில், காரோடு கூடாரம் கட்டிக்கொண்டு வந்து தங்கியவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கமே ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு பென்ஷன் வந்தது, நாடு முழுக்க நெடுஞ்சாலைகள் வந்தன, வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் குளிருக்குத் தெற்கே வருவது வழக்கமாகிவிட்டது. டெக்சாஸில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்கு ஒரு கூட்டம், ஃப்ளோரிடாவுக்கு ஒரு கூட்டம், அரிசோனாவுக்கு ஒரு கூட்டம். நாங்கள் மூன்றாவது. இங்கே இவர்களை 'ஸ்னோபேர்ட்ஸ்', பனிப்பறவைகள், என்கிறார்கள்.

நாங்கள் இருக்கிற குவார்ட்ஸைட் கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில், ஐ-10 சாலை மேல் இருக்கிற சின்ன ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் 2,400 பேர் அளவுதான். ஜனவரியில் பார்த்தால் மலையடிவாரம் வரை வெள்ளை வெள்ளையாக வண்டிகள். கோடையில் 45 டிகிரி வெயிலில் வண்டிக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இப்போது பகலில் 18, 20 டிகிரி. ராத்திரியில் 5 டிகிரிக்கு இறங்கும், ஹீட்டர் போட்டுக்கொள்கிறோம். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை, இங்கே எல்லோரும் பி.எல்.எம். என்பார்கள், 1983 முதல் இந்தப் பாலைவனத்தில் நீண்ட நாள் தங்கும் இடங்களை நடத்துகிறது. நாங்கள் இருப்பது லா போசா. 180 டாலர் கட்டினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். மாதத்துக்கு இல்லை கண்ணா, மொத்தத்துக்கும். இதே வெயிலில், தண்ணீர் கரண்ட் இணைப்போடு ஒரு ஆர்வி பார்க்குக்குப் போனால் ஒரு மாத வாடகையே அதைத் தாண்டிவிடும். இங்கே அந்த இணைப்பெல்லாம் இல்லை. கூரையில் சோலார் பலகை, கீழே பேட்டரி. குடிதண்ணீரை நாமே பிடித்து வர வேண்டும், கழிவுத் தொட்டியை நாமே கொண்டுபோய் காலி செய்ய வேண்டும்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்பாய். தேவைதான் என்பது என் எண்ணம். அப்பாவுக்குக் காலையில் எழுந்ததும் வேலை இருக்கிறது. பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கிறது, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, இன்றைக்கு மேகம் உண்டா. மாவு அரைப்பதுகூட இங்கே வெயிலைப் பார்த்துத்தான். உச்சி வெயிலில் பேட்டரி நிறைந்த பிறகே மிக்ஸியைப் போட விடுவார். ராத்திரிக் குளிரில் மாவு புளிக்காது. அதனால் காலையில் பாத்திரத்தை டிரைவர் சீட்டுக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே வெயில் விழுகிற இடத்தில் துண்டு சுற்றி வைத்துவிடுவேன். சாயங்காலம் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மினசோட்டாவில் ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்தும் அரைகுறையாகத்தானே புளிக்கும்!

அந்த இட்லியால்தான் அக்கம்பக்கம் பழக்கமானது. இடது பக்கம் கனடாவில் சஸ்காட்செவனிலிருந்து வந்த கணவன் மனைவி. கோதுமை விவசாயிகள், நிலத்தை மகனிடம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கக் கூடாது என்பதால் நாட்களைக் காலண்டரில் அடித்துக்கொண்டே வருவார்கள். சாம்பார் அவர்களுக்குப் பழகிவிட்டது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. காலையில் எழுந்ததும் நாற்காலியை வெளியே போட்டுவிட வேண்டும். ஒன்பது மணிக்குள் நாற்காலி வெளியே வரவில்லை என்றால் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டுவார். மினியாப்பொலிஸில் அத்தனை வருஷம் இருந்தோம், எதிர்வீட்டுக்காரர்களை ஏப்ரலில்தான் பார்ப்போம். நல்ல மனிதர்கள்தான், பனி அவர்களையும் உள்ளே பூட்டிவிடும்.

உன்னிடம் மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே இருக்கிற எல்லோரும் எங்களைப் போல வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் இல்லை. சிலருக்குப் பூட்ட வீடே இல்லை. 2008 பொருளாதாரச் சரிவில் எல்லாம் போய், வாடகை கட்டுப்படியாகாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நாலு வண்டி தள்ளி ஒரு அம்மா, என் வயதுதான், தனியாக வேனில் இருக்கிறார். நம் ஊர்ப் பக்கம் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் அக்டோபரில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு அறுவடை நடக்குமே, அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் வேலை பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறார். எங்களுக்கு இது விருப்பம், அவருக்கு வேறு வழி இல்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தவர் எழுபதை நெருங்கும்போது கிழங்கு மேட்டில் ராத்திரி நிற்க வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை. பாலைவன வாழ்க்கை சுதந்திரம் என்று யாராவது பாடினால் அந்த அம்மாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். மாவு அரைக்கும் நாளில் அவருக்கும் சேர்த்தே அரைக்கிறேன்.

சரி, உன் அடுத்த கவலை உடம்பு. நாங்கள் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான சாதாரண மெடிகேரில்தான் இருக்கிறோம், தனியார் கம்பெனிகள் நடத்துகிற மெடிகேர் அட்வான்டேஜுக்கு மாறவில்லை. மாறினால் மாதம் கொஞ்சம் மிச்சமாகலாம், ஆனால் அந்தத் திட்டங்கள் பலவற்றில் சொந்த ஊர்ப்பக்க டாக்டர்களிடம்தான் போக முடியும். சாதாரண மெடிகேர் இருந்தால் எந்த மாநிலத்திலும் மெடிகேர் வாங்குகிற டாக்டரைப் பார்க்கலாம். வடக்கே பார்க்கரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல் வைத்தியத்துக்கு மெடிகேரில் பெரும்பாலும் பணம் வராது. அதற்கு இங்கே பாதிப் பேர் யூமாவுக்குப் போய், எல்லையை நடந்தே தாண்டி, மெக்ஸிகோவில் லாஸ் அல்கொடோனஸ் என்ற ஊருக்குப் போகிறார்கள். தெருவுக்குத் தெரு பல் டாக்டர்தான். அப்பாவின் கடைவாய்ப் பல் வேலையும் அங்கேதான் நடந்தது, நன்றாக இருக்கிறது.

மினியாப்பொலிஸ் வீட்டைப் பற்றியும் கவலைப்படாதே. தண்ணீரை மூடி, குழாய்களை வடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஹீட்டர் 13 டிகிரியில் ஓடுகிறது. எதிர்வீட்டுப் பையன் பனி தள்ளுகிறான், சாவியும் அவர்களிடம்தான்.

அப்புறம், ஓட்ட முடியாமல் போனால் என்ன செய்வோம்? அப்பா இப்போதே ராத்திரியில் ஓட்டுவதில்லை. மினியாப்பொலிஸிலிருந்து இங்கே சுமார் 1,900 மைல். ஐ-35இல் ஒக்லஹோமா வரை இறங்கி, ஐ-40இல் மேற்கே திரும்பி, தினமும் மதியம் மூன்று மணிக்கே நிறுத்திவிடுகிறோம். ஒருநாள் அதுவும் முடியாது, தெரியும். 1978இல் ஆரம்பித்த எஸ்கேப்பீஸ் என்ற ஆர்விக்காரர்கள் சங்கம் டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், இனி பயணம் போக முடியாதவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் உதவியும் பெற ஒரு இடம் வைத்திருக்கிறது. அதைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறேன். உன் வீட்டு மாடி அறையையும் மறக்கவில்லை. எது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம், நீயும் இருந்து பேசு. அதுவரை எங்கள் காலில் நடக்கிற குளிர்காலங்களை இங்கேயே நடந்து கழிக்கிறோம்.

பிப்ரவரியில் குழந்தைக்கு ஸ்கூல் லீவு வருமே, அப்போது மூன்று பேரும் வாருங்கள். ஃபீனிக்ஸில் இறங்கினால் ஐ-10இல் மேற்கே இரண்டு மணி நேரம். ஊர் மயானத்தில் ஹாஜி அலியின் சமாதி இருக்கிறது. 1850களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்துக்கென்று ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்தபோது கூடவே வந்த ஒட்டகக்காரர், 1902இல் இங்கேதான் இறந்தார். கல்லால் கட்டிய பிரமிட், உச்சியில் ஒரு ஒட்டகம். பேத்திக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ராத்திரி குளிரும், அவளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் தேதியைச் சொல், முன்பக்கக் கட்டிலை உங்களுக்குக் காலி செய்துவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா