ஆலை மாடியில் குடியேறுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வரும் நம் பிள்ளைகள் வாடகைக்கு இடம் தேடும்போது, பழைய ஆலை அல்லது கிடங்கின் மாடியைக் குறிக்கும் ‘லாஃப்ட்’ என்ற சொல்லில் மயங்கிவிடுகிறார்கள். உயர்ந்த கூரை, ஆளுயர சன்னல், வார்ப்பிரும்புத் தூண், பூசாத செங்கல் சுவர் என்று படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது துணி வெட்டவும் பெட்டி அடுக்கவும் கட்டிய இடம். அங்கே ஆள் தூங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

மன்ஹாட்டனின் சோஹோ பகுதியைத் தீயணைப்பு வீரர்கள் ஒருகாலத்தில் ‘நரகத்தின் நூறு ஏக்கர்’ என்றே அழைத்தார்கள். அவ்வளவு தீ விபத்து. காலியான மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியபோது, 1961 முதல் வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ (ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ், அதாவது இங்கே கலைஞர் வசிக்கிறார்) என்ற பலகையும் மாடி எண்ணும் வைக்கும் ஏற்பாடு வந்தது. தீப்பிடித்தால் எந்த மாடியில் ஆளைத் தேடுவது என்று வீரர்களுக்குத் தெரிய வேண்டுமே! 1971-இல்தான் மாநகராட்சியிடம் சான்று பெற்ற கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று விதி மாறியது. கலைஞர் அல்லாதவர்கள் பிறகு ஏராளமாக வந்து வீடு வாங்கினாலும் அந்த விதி ஏட்டில் அப்படியே இருந்தது. 2021 இறுதியில் வந்த திருத்தம், கலைஞர் குடியிருப்பைச் சாதாரணக் குடியிருப்பாக மாற்றச் சதுர அடிக்கு 100 டாலர் கட்டணம் வைத்தது. 2,000 சதுர அடி மாடிக்கு 2 லட்சம் டாலர்! அது வழக்குக்கும் போனது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சுவரை அல்ல, காகிதத்தை. 1938-க்குப் பிறகு கட்டிய அல்லது பயன்பாடு மாறிய கட்டிடங்களுக்கு ‘சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபன்சி’ என்னும் பயன்பாட்டுச் சான்று உண்டு; அதைவிடப் பழையவற்றுக்கு இல்லாமலும் இருக்கலாம். நியூயார்க் நகரக் கட்டிடத் துறையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நீங்கள் பார்க்கும் மாடிக்கு நேரே ‘தொழிற்கூடம்’ என்றோ ‘கிடங்கு’ என்றோ இருந்தால், தரகர் என்ன சொன்னாலும் அது வீடு அல்ல. ஆய்வாளர் வந்து ஆபத்து என்று கண்டால் வெளியேற்ற உத்தரவை அன்றைக்கே கதவில் ஒட்டிவிடுவார். வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டாலும் உஷாராக இருங்கள்.

அடுத்தது தீ. சோஹோ வகைக் கட்டிடங்கள் பல 25 அடி அகலம், 100 அடி ஆழம். சன்னல் முன்னும் பின்னும் மட்டும், நடுப்பகுதி இருட்டு. தரையைத் தாங்குவது மர உத்திரம். அதில் பல்லாண்டு எந்திர எண்ணெய் ஊறியிருக்கலாம். வார்ப்பிரும்புத் தூண் பாரத்தைத் தாங்கும், ஆனால் சூடேறிய நிலையில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடும். அறை வேண்டுமென்று குடியிருப்போரே கூரைவரை தடுப்புச் சுவர் எழுப்புவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. தீயணைக்கக் கூரையில் பொருத்திய நீர்த் தெளிப்பான் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ளும், மறுபக்கம் சொட்டு நீர் விழாது. அலமாரியில் அடுக்கும் பொருளுக்கும் தெளிப்பான் முனைக்கும் இடையில் குறைந்தது 18 அங்குலம் விட வேண்டும். படுப்பதற்குப் பரண் கட்டுகிறவர்கள் இதை அடியோடு மறந்துவிடுகிறார்கள். வெளியேற இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றனவா என்று இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். சரக்கு லிஃப்ட் வழியாகாது. 2016 டிசம்பர் 2 இரவு கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், கலைஞர்கள் குடியிருந்த ‘கோஸ்ட் ஷிப்’ கிடங்கில் 36 பேர் இறந்தார்கள். அங்கே தெளிப்பானும் இல்லை, தீ எச்சரிக்கை மணியும் இல்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது: அந்த இடத்தில் முன்பு என்ன செய்தார்கள்? ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோகன் நகரில், பாதரச விளக்கு செய்த பழைய ஆலையைக் கலைஞர்கள் சேர்ந்து வாங்கி வீடும் பணிக்கூடமுமாக மாற்றினார்கள். தரைப் பலகைகளுக்கு அடியில் பாதரசம் வெள்ளி மணிகளாக உருண்டு கிடந்தது. 1996 தொடக்கத்தில் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். கட்டிடமே பின்னர் இடிக்கப்பட்டது. பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மணிகளைப் பார்த்தால் வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். ஆவி வீடெங்கும் பரவிவிடும். நகரச் சுகாதாரத் துறையை அழையுங்கள். பழைய ‘சான்போர்ன்’ தீக்காப்பீட்டு வரைபடங்களில் கட்டிடத்தில் நடந்த தொழில் பல இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். நியூயார்க் பொது நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அரை மணி நேர வேலைதான். விளக்கு, தொப்பி, முலாம் பூச்சு, பேட்டரி என்று தென்பட்டால் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் சன்னல் சட்டத்தில் உரியும் வண்ணத்தைக் காரீயத்துக்காகப் பரிசோதிக்காமல் குடியேற வேண்டாம். அந்தத் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

குளிரும் சத்தமும் இதற்குப் பிறகுதான். நியூயார்க் விதிப்படி அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 பாகை இருக்க வேண்டும். இரவில் எப்போதும் 62. ஆலைக் கட்டிடத்தில் மாலையிலும் வார இறுதியிலும் கொதிகலனை அணைத்துவிடும் வழக்கம் உண்டு. சனிக்கிழமை இரவு போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு மாடியில் இருப்பவர்களுக்கு: 1982-இல் வந்த நியூயார்க் மாநிலத்தின் ‘லாஃப்ட் சட்டம்’, குறிப்பிட்ட காலத்தில் மூன்று குடும்பங்களாவது வசித்த கட்டிடங்களுக்குப் பாதுகாப்புத் தந்தது, அதைச் சட்டப்படியான வீடாக்கும் பொறுப்பை உரிமையாளர் மேல் வைத்தது. 2010 திருத்தம் 2008, 2009 ஆண்டுகளில் தொடர்ந்து 12 மாதம் வசித்ததைக் கேட்டது. 2019 திருத்தம் 2015, 2016 ஆண்டுகளைக் கேட்டது. நிரூபிக்க வேண்டியவர் குடியிருந்தவரே. எனவே மின்கட்டணச் சீட்டு, முகவரிக்கு வந்த தபால் உறை, வாடகை ரசீது, தேதியுடன் சமையலறைப் படம் எதையும் எறியாதீர்கள். மற்ற மாடிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் நியூயார்க் நகர ‘லாஃப்ட் போர்டு’ அலுவலகத்தில் கட்டிடத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஆலைக் கட்டிடங்களை ஆய்வு செய்யும் பொறியாளர்கள் சிலர்,
ஜெர்சி சிட்டி